அம்மா உடைக்காத பானை

முதலியார்பேட்டை
ஞாயித்துக்கெழம காலை

அன்புக் குழலிக்கு அப்பா எழுதிக்கறது,

நேத்து சாயங்காலம் சரியா நாலு பதினேழுக்கு உன் மெசேஜ் வந்துச்சு. லியோன்ல உனக்கு அப்ப மத்தியானச் சாப்பாட்டு நேரம். "அம்மா முதல் பானைய ஒடைச்சிட்டாங்கன்னு என் போன்ல காட்டுது, யாருப்பா அம்மா பேர்ல ஆடறது"ன்னு கேட்டிருந்த. அப்பறம் பதினோரு தடவ கூப்ட்ட, நான் எடுக்கல. லெட்டர்னா மொதல்ல நலம் விசாரிக்கணும், அதனால கேட்டுக்கறேன், நீ நல்லா இருக்கியா, காதுல குல்லா மாட்டிக்கிட்டுதான வெளிய போற, நான் இருக்கேன், பிரஷர் மாத்திரை போடறேன், சாப்புடறதுக்கு அலாரம் வச்சிருக்கேன், அது அடிச்சா சாப்புடறேன். இப்ப விஷயத்துக்கு வரேன். ஆடுனது திருடனும் இல்ல, ஆவியும் இல்ல. உங்கப்பன்தான்.

அம்மாவோட காரியம் முடிஞ்சு நீ கெளம்பறப்ப, "அம்மா கேம்ல ஆடி வச்சிருக்கறத மட்டும் தொடாதீங்கப்பா, அப்டியே இருக்கட்டும்"னு சொன்ன. நானும் சரின்னு தலையாட்டுனேன். அஞ்சு மாசம் அந்த வாக்கக் காப்பாத்துனேன், நம்பு. டெய்லி சேதராப்பட்டு கம்பெனில மெயின்டனன்ஸ் ஷிஃப்ட் முடிச்சு வந்து, கை கால் கழுவிட்டு, நீ விட்டுட்டுப் போன கேம் பெட்டியப் போட்டு, அம்மா நிறுத்தி வச்ச எடத்துல அந்தப் புதையல் தேடற பொண்ணு நிக்கறத டிவில பாப்பேன். கல்லு கதவு, ரெண்டு பக்கமும் தீப்பந்தம், அதுக்கு முன்னாடி முதுகக் காட்டிக்கிட்டு அவ. பத்து நிமிஷம் பாத்துட்டு அணைச்சிடுவேன். அழுகையெல்லாம் வராது. எனக்கு இன்னும் எதுவும் வரல குழலி, சித்தி அதுக்குதான் பயப்படறா. பம்பு ஓடும், மோட்டார் சூடாவும், தண்ணி மட்டும் ஏறாது பாரு, அந்த மாதிரி.

அந்தப் பொண்ணுக்கு வெள்ளைக்காரப் பேரு வாயில நொழையலன்னு அம்மா சின்னப்பொண்ணுன்னு பேரு வச்சது உனக்கே தெரியும். எப்டி ஆரம்பிச்சான்னு உனக்குத் தெரியாது, என்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தா. இனிமே யாரு கேக்கப் போறாங்க, சொல்லிடறேன். நீ ஊருக்குப் போயி ரெண்டாவது வாரம், கம்பெனில கரண்டு போயி நான் மூணு மணிக்கே வீட்டுக்கு வந்துட்டேன். குக்கர் தீயிற நாத்தம் வாசல்லயே அடிக்குது. உள்ள உங்கம்மா சோபா நுனில உக்காந்து கேம் பேட ரெண்டு கையால புடிச்சு இப்டியும் அப்டியும் ஆட்டிக்கிட்டிருக்கா. டிவில ஒருத்தி மலை உச்சில ஒத்தக் கையில தொங்குறா. "என்னா அமுது, சோறு தீயிது"ன்னேன். திரும்பிக்கூட பாக்கல. "இருங்க, பொம்பளப் புள்ள தொங்கிக்கிட்டிருக்கா, மேல ஏத்திட்டு வரேன்"றா. அன்னைக்கு ஓட்டல் பரோட்டாதான். தொடைக்கறப்ப தெரியாம கை பட்டு ஆன் ஆயிடுச்சாம். தெரியாம கை பட்டவ நாலாவது கட்டத்துக்கு எப்டிப் போனான்னு நான் கேக்கல, பரோட்டாவும் போயிடும்.

ஆனா ஒரு பானைய ஒடைக்க மாட்டா. அந்த ஆட்டத்துல எங்க பாத்தாலும் பானை, ஒடைச்சா உள்ள தங்கக் காசு, அந்தக் காசுலதான் நல்ல சட்டை, நல்ல கயிறு எல்லாம் வாங்கணும். உங்கம்மாவுக்கு அது ஆவல. அவ காக்காயன்தோப்புல வளந்தவ, பக்கத்துல பழைய ஊரு பொதைஞ்சு கெடக்கற அரிக்கமேட்டுல மழை பேஞ்சா மண்ணுக்கு மேல பாசிமணி தெரியும், ஒடஞ்ச பானை ஓட்டத் தொட்டாகூட காவக்காரரு வெரட்டுவாரு. "தோண்டி எடுக்க வந்தவ பானைய எட்டி ஒதைக்கறாளே, இவளுக்கு எவன் வேலை குடுத்தான்"னு என்னக் கேப்பா, என்னமோ நான்தான் வேலை குடுத்த மாதிரி. கடைசி வரைக்கும் சின்னப்பொண்ணு மொத நாளு போட்டிருந்த கிழிஞ்ச சட்டையோடவே ஊரெல்லாம் புதையல் தேடுனா. ஒடைச்ச பானை பூஜ்யம்னு திரையில காட்டறத வீடியோ கால்ல உனக்கு எத்தன தடவ காட்டிப் பீத்தியிருப்பா. அந்தப் பூஜ்யத்ததான் நேத்து நான் ஒண்ணு ஆக்கிட்டேன்.

நடந்தத ரிப்போர்ட் மாதிரி எழுதறேன். பேடுல அவள நடக்க வைக்கற எடது கைக் குச்சி கொஞ்ச நாளா சரியில்ல, யாரும் தொடாமலே சின்னப்பொண்ணு எடது பக்கமா நடப்பா. அவள இழுத்துட்டு வந்து கதவுக்கு நேரா நிறுத்தணும், அதுக்கு மட்டும் பேட எடுப்பேன், அது தொட்டதுல சேராதுன்னு எனக்கு நானே சட்டம் போட்டுக்கிட்டேன். நேத்து சந்திரகலா சித்தி சங்கரா மீன் கொழம்பு எடுத்துட்டு வந்தா. நான் டிவியப் பாத்து "எங்கடி போற, இங்க வந்து நில்லு"ன்னு சொன்னது அவ காதுல விழுந்துடுச்சு. "ஏன் மாமா, அக்கா போயி ஆறு மாசம்கூட ஆவல, அதுக்குள்ள இன்னொருத்திய அதட்டறீங்களா"ன்னு வாசல்லேந்தே கத்துறா, பக்கத்து வீட்டுக்கெல்லாம் கேட்டிருக்கும். வெக்கமாப் போயி, பேட சோபால போட்டுட்டு சட்டிய வாங்க எழுந்தேன். வாங்கிட்டுத் திரும்பறேன், சின்னப்பொண்ணு அவ பாட்டுக்கு நடந்து போயிட்டா. அந்த ஓரத்துல ஒரு சறுக்கல் இருக்கு, அதுல சர்ருன்னு உக்காந்த வாக்குல போறா. கீழ ஒரே ஒரு பானை. சித்தி "ஐயையோ, புடிங்க மாமா"ன்னு டிவிய நோக்கி ஓடறா, நான் கையில கொதிக்கற சட்டியோட நிக்கறேன். டமார். ஒடைச்ச பானை ஒண்ணு. மணி நாலு பதினேழு.

இதுக்கு மேலதான் விஷயம். அந்தப் பானைக்குள்ள காசு இல்ல. ஒரு செவப்புப் பாசிமணி இருந்துச்சு. அது தானா உருண்டு போயி கதவோரத்துல ஒரு குழியில விழுந்துச்சு, கல்லு கதவு கடகடன்னு தொறந்துடுச்சு. ரெண்டு மாசமா உங்கம்மா அந்தக் கதவத் தட்டாத தட்டு இல்ல, தெரியுமா. ஆஸ்பத்திரில மூக்குல குழாயோட படுத்துக்கிட்டு, "அந்தக் கதவுக்கு வழி கண்டுபுடிச்சீங்களா"ன்னு என்னக் கேட்டா, நான் ஏதோ ஜன்னில பேசறான்னு நெனச்சேன். வழி அந்தப் பானைதான். அத மட்டும்தான் அவ ஒடைக்க மாட்டா.

நேத்து சித்தி போனப்பறம் பேடக் கழட்டிப் பாத்தேன். குச்சிக்கு அடில பூராவும் குங்குமம். ஆயுத பூஜைக்கு அம்மா என் கரண்டு பாக்கற மீட்டருக்கு, மிக்ஸிக்கு, ஸ்கூட்டருக்கு வச்சுட்டு அதுக்கும் ஒரு பொட்டு வச்சா. எலக்ட்ரானிக்ஸ்ல பவுடர் போவக் கூடாது அமுதுன்னு நான் பாடம் நடத்துனேன். "உங்க கம்பெனி மெஷினுக்கு மாலை போட்டு சூடம் காட்டலாம், எம் பொண்ணு வச்சிட்டுப் போனதுக்கு ஒரு பொட்டு ஆவாதா"ன்னு கேட்டுட்டு, எனக்குக் கோவம் வரட்டும்னே இன்னொரு பொட்டு வச்சா. அந்தப் பொட்டுதான் உள்ள எறங்கி குச்சியக் கெடுத்து, சின்னப்பொண்ண நடக்க வச்சு, பானைய ஒடைச்சிருக்கு. அதனால உன் போன்ல வந்தது பொய் இல்ல. ஒடைச்சது அம்மாதான். நான் மீன் சட்டிதான் புடிச்சிக்கிட்டிருந்தேன், சித்தி சாட்சி. ஸ்பிரிட்டும் பஞ்சும் எடுத்து வச்சும் தொடைக்கல, அப்டியே மூடி ஸ்குரூ போட்டுட்டேன். இருபத்திரெண்டு வருஷ சர்வீஸ்ல ஃபால்ட்டக் கண்டுபுடிச்சும் சரி பண்ணாம மூடுனது இதுதான் மொதல் தடவ. மூடறப்ப சிரிப்பு வந்துச்சு, அப்பறம் கொஞ்ச நேரம் ஸ்குரூ கண்ணுக்குத் தெரியல.

இப்ப நீ ஒண்ணு முடிவு பண்ணணும். பானை ஒடைஞ்ச சேதி அப்பவே உனக்கு வந்துடுச்சு, ஆனா ஆட்டம் நின்ன எடம் பெட்டியத் தூங்க வச்சப்பறம்தான் நெட்டுல ஏறும். நான் அதுக்குள்ள பிளக்கையே புடுங்கிட்டேன். அதனால மேல நெட்டுல இன்னும் அம்மாவோட பூஜ்யம் இருக்கு, கதவு மூடியிருக்கு. பெட்டிக்குள்ள ஒண்ணு இருக்கு, கதவு தொறந்திருக்கு, சின்னப்பொண்ணு வெளியவே நிக்கறா. ரெண்டுல ஒண்ணுதான் மிஞ்சும். நான் உள்ள எட்டிப் பாக்கல, தனியாப் பாக்கவும் மாட்டேன். நீ பூஜ்யம்னு சொன்னா பழசையே எறக்கிடறேன், ஒரு வார்த்த பேச மாட்டேன். ஒண்ணுன்னு சொன்னா ஜூலைல நீ வரவரைக்கும் பெட்டிய மூடி வைக்கறேன், ரெண்டு பேருமா உள்ள போவலாம். எனக்கு எதுன்னு நீ கேட்டா, அவ கேட்டுக்கிட்டே போன கதவுக்கு உள்ள என்னன்னு தெரியணும்மா.

இத சித்தி அவ போன்ல படம் புடிச்சு அனுப்புவா, பதில அவ நம்பருக்கே போடு. வாக்கு தவறுனதுக்குத் திட்டணும்னா அதையும் அவகிட்டயே சொல்லிவிடு, கூட ரெண்டு சேத்து சொல்லுவா. நல்லாப் படி, நேரத்துக்குத் தூங்கு, மனசு நெறஞ்சு இரு, எங்க போனாலும் உங்கம்மா உன் கூடவே நடந்து வரட்டும், எடது பக்கமா கொஞ்சம் இழுத்தா அவதான்னு தெரிஞ்சிக்க. வரும்போது புது பேடு வாங்கிட்டு வராத.

நம்ம வீட்டு நெட்டு என் போன் ஹாட்ஸ்பாட்லேந்துதான் வருது, தப்பித் தவறி பெட்டிக்குக் கெடைச்சிடக் கூடாதுன்னு அத அணைச்சிருக்கேன். பிளக்கப் புடுங்குனப்பறம் அதுக்கு அவசியமே இல்லன்னு நீ கண்டுபுடிச்சிடுவ, நீ என் பொண்ணு. போன்ல உன் அழுகையக் கேட்டா எனக்கும் வந்துடும், வந்தா நிக்காதுன்னு தோணுது. அதனால நீ சொல்றவரைக்கும் போன ஆஃப் பண்ணி வச்சிருக்கேன்.

உன் அப்பா
இளஞ்செழியன்