பூனைகள் மூடிவைத்த மணல்

அன்புள்ள சபூரா அக்காவுக்கு,

தங்கை ஷஹீதாவின் ஸலாம். அதிராவைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போன அன்று, அவரிடம் நான் சொல்லாமல் விட்டதைத்தான் எழுதப்போகிறேன். பயப்படாதீர்கள், அதிராவின் கண்ணுக்கு இப்போது ஆபத்தில்லை.

மான்செஸ்டரில் உங்களுக்குத் தேர்வு நேரம் என்பதால், மகளுக்குக் கண் சிவந்திருக்கிறது என்று மட்டும் ஜாஹிர் மச்சான் போனில் சொன்னார். உண்மையில் இடக்கண்ணில் அவளுக்குப் பார்வை மங்கியிருந்தது. கண்ணைச் சோதித்த டாக்டர் துளசி, "வீட்ல பூனை, நாய் ஏதும் இருக்காம்மா? மண்ல விளையாடுவாளா?" என்று கேட்டார். பூனை இல்லை என்றேன்.

வீட்டில் இல்லைதான். ஆனால் ஃப்ளாட்டுக்குக் கீழே, பிள்ளைகள் விளையாடும் மணல்தொட்டி ஓரத்தில், ஐந்து பூனைகளுக்கு விடியற்காலையில் மீன்தலை வைத்துக்கொண்டிருந்தேன். "போதும்லா ஷஹீதா, ஃப்ளாட்டே நாறுது" என்று மச்சான் போன வருடமே சத்தம் போட்டார். நிறுத்திவிட்டேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். டாக்டர் கேட்டபோது அவர் பக்கத்தில் நின்றதால் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. பூனை எவ்வளவு சுத்தம், தன் கழிவைத் தானே மூடிவிடும் என்று பெருமையடிப்பேனே, எங்கே மூடுகிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அந்த மணலில்தான் அதிரா இட்லி சுட்டு விளையாடுவாள். விரலை வேறு சப்புவாள்.

பூனை இல்லையென்றால் கண்ணுக்குள் புற்றுநோய்க் கட்டியாகவும் இருக்கலாம், கண்ணையே எடுக்க வேண்டிவரலாம் என்றார் டாக்டர். மச்சான் காரைத் திறக்க முடியாமல் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார், அக்கா.

மூன்றாம் நாள் நான் மட்டும் டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். "இத அன்னிக்கே சொல்லியிருந்தா உங்க மச்சான் ரெண்டு ராத்திரி தூங்கியிருப்பார்ல?" என்றார். வேறொன்றும் திட்டவில்லை. உடனே ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் எழுதினார். கட்டி இல்லை. பூனைக் கழிவிலிருந்து மணலில் கலந்த புழு முட்டை வயிற்றுக்குள் போய்ப் பொரிந்து, அந்தப் புழு கண்வரை வந்திருக்கிறது. மருந்துக்கு வீக்கம் வடிந்துவிட்டது. சிறு தழும்பு மட்டும் இருக்குமாம். நேற்று டாக்டர் காட்டிய பட அட்டையில் இடக்கண்ணால் பார்த்து வாத்து, வீடு எல்லாம் சரியாகச் சொன்னாள். குதிரையை மட்டும் ஆடு என்றாள். "அது வரைஞ்சவன் தப்பு" என்று டாக்டர் சிரித்தார்.

ஃப்ளாட் நிர்வாகம் மணலை அள்ளிவிட்டது. மச்சான் இன்னும் தெருப்பூனைகளைத்தான் ஏசுகிறார். அவற்றுக்குத் தீனி வைத்தது நான்தான் என்று அவரிடம் நானே சொல்ல வேண்டும். அதுவரை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். என்னை மன்னிக்க அவசரப்படவும் வேண்டாம். தேர்வை நன்றாக எழுதுங்கள். பிள்ளை உங்களை முழுசாகப் பார்ப்பாள், இன்ஷா அல்லாஹ்.

உங்கள் தங்கை,
ஷஹீதா

பி.கு. கடிதத்தை அனுப்பும் முன்பே மச்சானிடம் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. இன்று காலை, அதிராவுக்குச் சொட்டு மருந்து போட என்னைக் கூப்பிட்டார்.