வெயில் படாத நீலம்

1926 மார்ச் 9

மதியம் மூன்று மணிக்கு மேல் மேற்கு ஜன்னல் வழியாக வெயில் கூடத்துக்குள் வரும். அதற்குள் இந்தக் குடும்பத்தின் மூதாதை லேடி பிரிசில்லாவின் ஓவியப் படத்துக்குத் திரையை இழுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அவள் பட்டு உடையின் நீலம் வெளுத்துவிடும். இந்த வீட்டில் எனக்குப் பிடித்த வேலை அது ஒன்றுதான். யாரோடும் பேச வேண்டாம். பள்ளியில் எழுந்து வாசிக்கச் சொன்னாலே அழுதுவிடுவேன். பதின்மூன்று வயதில் படிப்பை விட்டுவிட்டு வேலைக்கு வந்துவிட்டேன்.

எங்கள் சீமாட்டிக்குக் கண் போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. படத்துக்கு எதிரே உட்கார்ந்து, திரையின் பித்தளை வளையங்கள் ஓடும் சத்தத்தைக் கேட்பார்கள்.

"மூடிட்டியா டில்லி? இனி அவ தூங்கட்டும்."

மார்ச் 20

படத்தின் கதையைச் சீமாட்டி சொன்னார்கள். பிரிசில்லாவின் கல்யாணத்துக்கு வரைந்ததாம். முந்நூறு வருடத்துக்கு முன்னால் ராஜாவோடு நடந்த உள்நாட்டுச் சண்டையில் பாராளுமன்றப் படை அள்ளிக்கொண்டு போக, ஒரு கசாப்புக் கடையில் பல வருடம் தொங்கியதாம். பேரன் தேடிப் பிடித்து மீட்டிருக்கிறான். அப்புறம் ஒரு மகளுக்குச் சீதனமாக யார்க்‌ஷயர் போனது. அவள் பிள்ளையில்லாமல் இறந்ததும் திரும்பியது.

"ரெண்டு தடவை போனா. ரெண்டு தடவையும் வீடு தேடி வந்துட்டா. முழங்கை கிட்ட வாள் கிழிச்ச இடத்துல தையல் இருக்கும், பாரு."

இருக்கிறது.

ஏப்ரல் 14

படத்தை விற்றுவிட்டார்கள்.

சீமாட்டி தங்கை வீட்டுக்குப் போன நாள் பார்த்து வண்டி வந்தது. அவர்கள் மகன் ரூபர்ட் துரை என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அப்பா செத்ததால சொத்துக்கு வாரிசு வரி கட்டணும். கூரை வேற ஒழுகுது. அமெரிக்காக்காரர் ஒருத்தர் வாங்கிட்டார். அம்மாவுக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டாங்க. நீ எப்பவும் போல திரையை இழு. நீதான் பேசவே மாட்டியே."

தலையை ஆட்டினேன். ஏன் ஆட்டினேன்?

ஏப்ரல் 15

இழுத்தேன். படம் இருந்த இடத்தில் மட்டும் சுவர்த்தாள் வெளுக்காமல் பச்சைப் பசேலென்று இருக்கிறது.

"மூடிட்டியா டில்லி?"

"மூடிட்டேன்மா."

சமையற்கார பார்ஜட்டர் அம்மா எட்டிப் பார்த்துவிட்டுக் காதருகே வந்து, "சுவருக்குச் சளி பிடிச்சிடும்னு போத்தி விடுறியாடி?" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மே 2

இன்றும் பொய்.

ஜூன் 11

தாங்க முடியவில்லை. சொல்லிவிடலாம் என்று போய் நின்றேன். அதற்குள் சீமாட்டியே பேசினார்கள்.

"முன்னெல்லாம் திரை படச் சட்டத்துல உரசிக்கிட்டுப் போகும். ஏப்ரல்ல இருந்து உரசலை. அழாதே, மூக்கைத் துடை."

"துரைகிட்ட..."

"மூச்சு விடாதே. எனக்குத் தெரியாதுன்னு நினைக்கிறதாலதான் அவன் என் பக்கத்துல வந்து உட்கார்றான். நீ எப்பவும் போல இழு."

"அமெரிக்காவுல இருந்து திரும்பி வருவாளாம்மா?" என்று கேட்டேன். நானா கேட்டேன்?

"கடல் தாண்டிப் போனதில்லையே அவ," என்றார்கள்.

செப்டம்பர் 26

காலையில் துரை வந்தார். திரை திறந்திருந்தது.

"ரூபர்ட், நீலம் எப்படிடா இருக்கு?"

துரை வெறும் சுவரைப் பார்த்தார். "மங்கவே இல்லைம்மா."

"அந்தத் தையல்?"

"கிட்டப் போனாத்தான் தெரியுது."

"நல்லா பார்த்துக்கிறேடா," என்று சீமாட்டி அவர் கையைத் தடவிக் கொடுத்தார்கள். நான் திரைக் கயிற்றைப் பிடித்தபடி நின்றேன்.

டிசம்பர் 3

சீமாட்டியை இன்று அடக்கம் செய்தோம்.

எல்லோரும் போனபின் துரை கூடத்தில் என்னை நிறுத்தினார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"கடைசி வரைக்கும் அவங்களுக்குத் தெரியாம பார்த்துக்கிட்டே டில்லி. அது ஒண்ணுதான் எனக்கு ஆறுதல்."

"ஆமாங்க துரை," என்றேன்.

அவர் மாடிக்குப் போனார். மங்கலான வெயில் தரையில் ஊர்ந்து சுவரருகே வந்தது. போய்த் திரையை இழுத்து மூடினேன்.