தட்டிப் பார்த்த சுவர்

அன்புள்ள சின்னவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அண்ணன், அண்ணி, பாப்பா எல்லோரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். வீடும் நலமாக இருக்கிறது, நீ அதைக் கேட்கமாட்டாய் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். அங்கே நீ, மருமகள், பிள்ளைகள் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் நடுவில் புகுந்து, சரிம்மா சரிம்மா என்று என் வாயை அடைத்துவிடுவாய். கடிதத்தில் அது நடக்காது, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் இருக்கட்டும். நான் அதிகம் படிக்காதவள். ஆனால் காதில் விழுந்த எதையும் மறந்தவள் இல்லை, அது உனக்கு நன்றாகவே தெரியும்.

புயல் அடித்த அன்று இந்த வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், நான் பார்க்கவில்லை நான் கேட்கவில்லை என்று பிறகு யாரும் நழுவக் கூடாது. நான் இருந்தேன். உன் அண்ணன் இருந்தான், அதாவது நாற்காலியில் ஒரு சட்டையும் அதற்குள் ஒரு சிரிப்பும் இருந்தன. அண்ணி இருந்தாள். அவர்கள் பெண் பாப்பா இருந்தாள். பாப்பா என்றுதான் இன்னும் கூப்பிடுகிறோம், அவளோ கட்டடத்துக்கு வருகிற பலகை, கல், சிமெண்ட் கட்டி எல்லாவற்றையும் மெஷினில் வைத்து நசுக்கி, தாங்கினால் முத்திரை குத்துகிற பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். அங்கேயே வேலை பார்த்துக்கொண்டு, இவளைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நிற்கிற அந்தப் பையன் இருந்தான். கல்யாணப் பேச்சுக்கு அவனோடு வந்திருந்த அவன் அம்மாவும் அப்பாவும் இருந்தார்கள். அப்பாவுக்கு நான் மரங்கொத்தி என்று பெயர் வைத்திருக்கிறேன். அவ்வளவு பேர்தான், வேறு யாரும் இல்லை.

அந்த மனிதர் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே வாசல் சுவரைத் தட்டினார். டாக்டர் நெஞ்சில் விரலை வைத்துத் தட்டுவாரே, அதேபோல் இரண்டு தட்டு, பிறகு காதைச் சாய்த்துக் கேட்பது. கூடத்தில் தட்டினார், சமையலறையில் தட்டினார், கைகழுவ என்று குளியலறைக்குள் போனவர் அங்கேயும் தட்டியது வெளியே உட்கார்ந்திருந்த எங்களுக்கெல்லாம் கேட்டது. அவர் மனைவி சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தார், முழு உடம்பையும் வைத்தால் தரை இறங்கிவிடும் என்று பயந்தவர்போல. மரங்கொத்தி திரும்பி வந்து, உள்ளே ஒன்றுமே இல்லையே, டப்பாவைத் தட்டின மாதிரியல்லவா கேட்கிறது என்றார். உன் அண்ணன் என்ன செய்தான் தெரியுமா, சிரித்தான். ஆமாங்க, ஏதோ அரசாங்கம் கொடுத்தது, இருந்துகொண்டிருக்கிறோம் என்று, திருட்டுச் சாமான் வைத்திருப்பவன்போல் தலையைச் சொறிந்தான். எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. “தட்டிப் பாத்தே உள்ள இருக்கிறது தெரிஞ்சுடும்னா, தம்பி, நான் முதல்ல உங்க பையன் தலையத் தட்டிப் பாத்திருப்பேன்” என்றேன். அண்ணிக்கு டீ மூக்கில் ஏறியது. அந்தப் பையன் டம்ளருக்குள் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டான். இதில் வேடிக்கை என்னவென்றால், எங்கள் குடியிருப்புக்கு வந்த சுவர்ப் பலகைகளை மெஷினில் ஏற்றி ஒடிகிறதா என்று பார்த்து முத்திரை குத்தியதே இவன்தானாம், பாப்பா எனக்கு முன்னாலேயே சொல்லியிருக்கிறாள். பகலெல்லாம் சிமெண்டை நசுக்குகிறவனுக்கு அப்பா முன்னால் வாயிலிருந்து ஒரு சொல்லை நசுக்கி வெளியே எடுக்க முடியவில்லை.

நான் இந்த வீட்டைக் கட்டினவர்களைத் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. சாவி கொடுத்த அன்று ஒரு இன்ஜினியர் அம்மாள் சுவரில் ஒரு துண்டை அறுத்து, கேக்கை வைப்பதுபோல் மேசைமேல் வைத்துக் காட்டினாள். நடுவில் டிவி வாங்கினால் பெட்டிக்குள் வருமே, அந்த வெள்ளைத் தெர்மாகோல். அதற்கு இரண்டு பக்கமும் கம்பிவலை, இந்த வலையையும் அந்த வலையையும் குறுக்குக் கம்பியால் இழுத்துக் கட்டி, மேலே குழாயால் சிமெண்டைப் பீய்ச்சி அடித்திருக்கிறார்கள். மூலைக்கு மூலை வலையை மடித்து, தலையணை உறைக்கு ஓரம் தைப்பதுபோல் இரண்டு சுவரையும் சேர்த்துப் பிடித்திருக்கிறார்கள். கூரையும் அதே பலகைதான், சுவரோடு சேர்த்துக் கட்டியது, காற்றில் பறக்கத் தகரமும் கிடையாது, சரிய ஓடும் கிடையாது. செலவும் குறைவு, புயலும் தாங்கும், பூமி ஆடினாலும் தாங்கும் என்றாள். இதைச் சொல்லிவிட்டு எங்களைப் பாலர் வகுப்புப் பிள்ளைகள்போல் கைதட்டச் சொன்னாள், எனக்கு அது பிடிக்கவில்லை, நான் தட்டவில்லை. ரிப்பன் வெட்ட வந்த பெரிய மனிதரோ மூச்சுக்கு மூச்சு புதுமைத் தொழில்நுட்பம், உலகத் தரம் என்றார், கதவைத் திறக்கச் சொன்னால் சாவியைத் தலைகீழாகப் போட்டுக் குடைந்தார். சமையலறையில் இரண்டு பேர் நின்றால் ஒருத்தி மூச்சை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். லைட் சுவிட்சு கதவுக்குப் பின்னால் இருக்கிறது. குளித்த தண்ணீர் ஓட்டையை விட்டுவிட்டு வாசற்படியைப் பார்த்து வருகிறது. புயலுக்கு நிற்கிற வீட்டைக் கட்டத் தெரிந்த மகராசன்களுக்குக் குளித்த தண்ணீரை எந்தப் பக்கம் ஓடவைப்பது என்று தெரியவில்லை. வீட்டை ஆள் உயரத்துக்குத் தூண்மேல் தூக்கிவைத்து, என் முழங்காலுக்கு அத்தனை படியையும் கொடுத்ததற்கு நான் அவர்களைத் திட்டாத நாளே இல்லை. திட்டுவேன், என் வீடு, நான் திட்டுவேன். செருப்போடு வந்து நிற்கிற மரங்கொத்தி திட்டக் கூடாது.

புயல் வேறு பக்கம் போய்விடும் என்றுதான் காலையில் ரேடியோவில் சொன்னார்கள். அவர்களும் அந்த ரிப்பன் மனிதருக்குச் சொந்தக்காரர்களாகத்தான் இருக்க வேண்டும். டீ குடித்து முடிப்பதற்குள் வெளிச்சம் மங்கி, எதிர்த் தெருவில் ஒரு தகரக்கூரை கிழிந்து பறந்தது. மரங்கொத்தி காரை எடுக்கிறேன் என்று படியில் இறங்கிப் பார்த்தார், கார் நின்ற இடத்தில் மரம் படுத்துக்கொண்டிருந்தது, காரும் அதற்குக் கீழே படுத்துக்கொண்டிருந்தது. ஏறி வந்துவிட்டார். பாப்பா ஜன்னலுக்கெல்லாம் உள்ளிருந்து இரும்புக் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். கரண்டு போயிற்று. தெருவில் வந்த தண்ணீர் எங்கள் வீட்டுக்குக் கீழே தூணுக்கு நடுவில் புகுந்து தன் வழியில் போய்க்கொண்டிருந்தது, அதன் சத்தம் காலுக்குக் கீழே கேட்டது. நான் திட்டின அத்தனை படியும் அப்போதுதான் வேலை செய்தது. காற்று ஒவ்வொரு தடவை மோதும்போதும் மரங்கொத்தி சுவரை விட்டு ஓரடி விலகி, விலகி, கடைசியில் கூடத்து நடுவில் சாப்பாட்டு மேசையின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். நானும் சுவரிலிருந்து விலகித்தான் உட்கார்ந்திருந்தேன். ஏன் என்று உனக்குத் தெரியும். உனக்கு மறந்துவிட்டதுபோல் இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

நம் பழைய வீட்டுச் சுவரை எங்கே தட்டினாலும் கருங்கல்லைத் தட்டினதுபோல் கேட்கும். உன் அப்பாவுக்கு அதில் அப்படியொரு பெருமை. வருகிறவர்களிடமெல்லாம் தட்டிப் பாருங்கள் என்பார். அந்தப் புயலன்று நானும் பெரியவனும் கட்டிலுக்குக் கீழே இருந்தோம். அவர் உன்னை மடியில் வைத்துக்கொண்டு அந்தச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார், வீட்டிலேயே கெட்டியான இடம் அதுதான் என்று. சுவர் ஒரு விரிசல்கூடக் காட்டாமல், அப்படியே முழுசாக உள்பக்கம் சாய்ந்தது. அவர் உன்மேல் கவிழ்ந்துகொண்டார். செங்கல்லை எடுத்துப் போட்டுப் போட்டு, அவரை நகர்த்தி, அவருக்குக் கீழே இருந்து உன்னை எடுத்தார்கள். கண்ணும் நாக்கும் தவிர உடம்பு முழுக்கச் சிவப்புத் தூள். அன்றைக்கு உன்னைத் தூக்கினவர்கள் வைத்த பெயர்தான் செங்கப்பொடி. பெரியவனாகி, அந்தப் பெயரைச் சொல்லாதே என்று நீ கேட்டுக்கொண்டாய், நானும் நிறுத்திவிட்டேன். செங்கல்மேல் குற்றமில்லை பாட்டி, மூலையில் பிடிப்பில்லை, மேலே சுற்றிவரக் கம்பிப் பட்டை இல்லை, அடுக்கி வைத்தது அடுக்கினபடியே சாய்ந்துவிட்டது என்று பாப்பா படித்து வந்து சொன்னாள். எனக்குப் படிக்காமலே தெரியும். அன்றிலிருந்து காற்றடித்தால் நான் எந்தச் சுவரோரமும் உட்கார்ந்ததில்லை.

மரங்கொத்தியின் மனைவி அழ ஆரம்பித்தார். வீடு போய்விடும், போய்விடும் என்று ஒரே புலம்பல். பாப்பா ஒருத்திதான் எழுந்துபோய்ச் சுவரில் முதுகை வைத்து உட்கார்ந்து, பாட்டி இங்கே வா என்றாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படி வரமாட்டேன் என்பது. போனேன். சாய்ந்தேன். வெளியே காற்று முட்டுகிறது, முதுகில் ஒரு சின்ன அதிர்வு, அவ்வளவுதான். பிறகு உன் அண்ணன், அண்ணி, அந்தப் பையன், பையனின் அம்மா எல்லோரும் வரிசையாக வந்து சாய்ந்துகொண்டார்கள். கடைசியில் மேசைக்காலை விட்டுவிட்டு மரங்கொத்தியும் என் பக்கத்தில் வந்து, தான் தட்டின அதே இடத்தில் முதுகை வைத்தார். பயந்த மனிதனுக்கு வாய் நிற்காது. தான் தட்டினதில் தப்பில்லை என்று சொல்ல வந்தவர் உள்ளதையெல்லாம் கொட்டிவிட்டார்.

“உங்க சின்னப் பையன்தாம்மா போன் பண்ணாரு. அது வீடே இல்லீங்க, பொட்டி, அதக் கணக்குல எடுத்துக்காதீங்க, கல்யாணத்துக்குள்ள எல்லாரையும் நல்ல செங்கல் வீட்டுக்கு மாத்திடறேன்னாரு. அம்மாவுக்கு என்ன தெரியும், குடுத்த எடத்துல ஒக்காந்துட்டு இருக்காங்கன்னாரு.”

உன் அண்ணன் சிரிக்கக்கூட இல்லை. அப்போதுதான் அந்தப் பையன் வாயைத் திறந்தான். “இந்தச் சுவர ஒடைக்கப் பாத்தவனே நான்தான்ப்பா. ஒடையல. நம்ம வீட்டுச் சுவர இன்னிக்கு வரைக்கும் எவனும் அழுத்திப் பாத்ததில்ல” என்றான். நான் உன் அப்பாவை நினைத்துக்கொண்டு அந்த டப்பாச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன்.

காற்று நின்றபிறகு அவர்கள் வீட்டுப் பக்கத்து ஆள் வந்து சொன்னான், பின்பக்கத்துச் சுவர் படுக்கையறைமேல் விழுந்து கிடக்கிறதாம். தட்டினால் கணீர் என்று கேட்கிற சுவர்தான், சந்தேகமே இல்லை. வீட்டில் ஆள் இல்லாததால் பிழைத்தார்கள். ஆள் எங்கே இருந்தார்கள்? என் பொட்டிக்குள் இருந்தார்கள். இப்போதும் இங்கேதான் இருக்கிறார்கள், நான் இதை எழுதும்போது மரங்கொத்தி என் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக் குறட்டை விடுகிறார், அந்தக் குறட்டைக்கே இன்னொரு முத்திரை குத்தலாம். கல்யாணம் எப்போது வைத்துக்கொள்ளலாம் என்று அவராகவே கேட்டார். அதற்குப் பாப்பா, “உங்க வீட்டுச் சுவர மூலைக்கு மூலை கம்பி போட்டுக் கட்டுங்க மாமா, மேல சுத்திவரப் பட்டை ஓட்டுங்க. எங்க ஆபீஸ்லேருந்து வந்து பாத்து முத்திரை குடுக்கட்டும். அப்புறம் நான் அங்க வரேன்” என்றாள். சரி என்றார். சொல்லாமல் எங்கே போவார்.

உனக்கு எல்லா நலமும் வளமும் உண்டாகட்டும், பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும், குளிரில் காதை மூடிக்கொண்டு போ. நீ பார்த்து வைத்திருக்கிற அந்தச் செங்கல் வீட்டை இன்றைக்கே வேண்டாமென்று சொல்லிவிடு, நான் இங்கிருந்து நகரமாட்டேன். மரங்கொத்திக்குப் போன் போட்டு, நீ சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் உன் வாயாலேயே திரும்ப எடுத்துக்கொள். கல்யாணத்துக்கு வா. வந்தால் இந்த வீட்டில்தான் தங்க வேண்டும், ஓட்டலில் அறை போடுவதாக இருந்தால் வராதே. அன்றைக்கு இங்கே இருந்தவர்கள் எல்லோரையும் மன்னித்தாயிற்று. மரங்கொத்திக்குச் சுவர் என்றால் என்னவென்று தெரியாது, பையனுக்கு வாய் தாமதமாகத் திறந்தது, உன் அண்ணனுக்குச் சிரிப்பதைத் தவிர வேறு எதுவும் எப்போதும் வந்ததில்லை. தெரிந்தவன் ஒருத்தன்தான். அவன் அன்று இங்கே இல்லை.

இப்படிக்கு,
செங்கப்பொடியை மன்னிக்காத
அவன் அம்மா