முன்னால் போகிற வண்டி சத்தம் போடக் கூடாது

ஏப்ரல் 8, புதன்

ஈஸ்டர் கல்யாணங்கள் ஒருவழியாக முடிந்தன. இனி ஒரு மாதத்துக்கு மான்கறிச் சூப்பைக் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை என்று காலையில் சபதம் எடுத்தேன். மதியம் மிச்சமிருந்த சூப்பையே சூடு பண்ணி இரண்டு கிண்ணம் குடித்தேன்.

வண்டியில் புதுச் சத்தம். பனி ஸ்கூட்டருக்கு வயதாகிவிட்டது, முனகத்தான் செய்யும். ஆனால் இது முனகல் இல்லை. மெதுவாகப் போனால் ‘கிர்ர்’, வேகம் எடுத்தால் ‘ஊய்ய்’ என்று ஓர் ஊளை. ஆற்றைத் தாண்டிக் கலைமான் மந்தைக்குப் போய்த் திரும்பும்வரை அதுதான் துணை. என்னைக் கண்டதும் ஓடி வருகிற என் வளர்ப்பு மான் சாம்பலன் இன்று காதை மடித்துக்கொண்டு தள்ளியே நின்றான். எஞ்சினை நிறுத்திய பிறகுதான் கிட்டே வந்து பையில் மூக்கை விட்டான்.

ஏப்ரல் 9, வியாழன்

வண்டிக்கு நோய் என்றால் ஊரெல்லாம் வைத்தியர். பெல்ட் போய்விட்டது என்கிறான் என் கணவன் பியெரா. அவன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வண்டியைப் பற்றி அவனுக்குத் தெரிந்த ஒரே உறுப்பு பெல்ட். வண்டிக்கு அடியில் சுற்றும் ரப்பர்ப் பட்டை, அதாவது டிராக், இறுக்கமாக இருக்கிறது என்று பெட்ரோல் பங்கில் ஒருத்தி. தளர்ந்திருக்கிறது என்று அவளுக்குப் பக்கத்தில் நின்ற இன்னொருத்தி.

மிக்கல் வேறு அங்கே நின்றான். அத்தை மகன் என்பதால் வாய்க்குப் பூட்டுக் கிடையாது.

“ராவ்னா வர்றது ஆத்துக்கு அந்தப் பக்கமே கேட்டுச்சு. சர்ச்சு மணிக்குப் பதிலா இவளை ரெண்டு சுத்து ஓட விடலாம்.”

“உன் பேச்சைவிட என் வண்டி சத்தம் கம்மிதான் மச்சான்,” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வரும் வழியில்தான் கோபம் வந்தது.

ஏப்ரல் 10, வெள்ளி

அண்ணன் அஸ்லத் காப்பிக்கு வந்தான். நேரம் பார்த்துக் கேட்டுவிட்டேன். கடற்கரைக்கு மந்தையை ஓட்டிப் போகும்போது இந்த முறை நான் முன்னால் போகிறேன் என்றேன்.

இவ்வளவு வருடமும் நான் கடைசி. அடுப்பு, பானை, கூடாரம், பெட்ரோல் எல்லாம் ஏற்றிய சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு மந்தையின் வாலைப் பார்த்தபடியே போவேன். சாம்பலனைக் குட்டியிலிருந்து பழக்கியது நான். கயிற்றுக்குப் பின்னால் நடக்கக் கற்றுக்கொடுத்தது நான். அவன் பின்னால்தான் மொத்த மந்தையும் நடக்கிறது. ஆனால் கிளம்புகிற அன்று கயிறு மிக்கல் கைக்குப் போகும். ஏன் என்று யாரும் யோசித்ததில்லை, வழக்கம் அப்படி.

அஸ்லத் காப்பியில் பாலாடைக்கட்டியைப் போட்டு, அது ஊறியதும் கரண்டியால் எடுத்துத் தின்றான். பிறகு சொன்னான்: “நீ போறதுல எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா முன்னால போற வண்டி சத்தம் போடக் கூடாது. எல்லாம் நெறமாசமா நிக்குதுங்க. மிரண்டு ஓடுச்சுன்னா குட்டி தங்காது.”

“சத்தம் நின்னா?”

“நின்னா நீ போ. நிக்கலன்னா மிக்கல். இருபத்தொண்ணு கெளம்புறோம்.”

கையைக் கொடு என்று வாங்கிக் குலுக்கினேன். அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஏப்ரல் 11, சனி

இன்று நானே வைத்தியர்.

முதலில் பெல்ட்டைக் கழற்றிவிட்டு எஞ்சினை ஓட்டினேன். சத்தம் இல்லை. ஆக, எஞ்சின் நிரபராதி. பியெராவின் பெல்ட் இல்லாமலே சத்தம் வருகிறதா என்று அடுத்துப் பார்க்க வேண்டும். பின்பக்கத்தைத் தூக்கி முட்டுக் கொடுத்து, டிராக்கைக் கையால் சுற்றினேன். ‘கிர்ர்.’ பெல்ட்டும் நிரபராதி! பியெராவைக் கூப்பிட்டுக் காட்டினேன். “நான் ஒரு யூகமாத்தானே சொன்னேன்,” என்று உள்ளே போய்விட்டான்.

டிராக்குக்குள் இருக்கும் சின்னச் சக்கரங்களை ஒவ்வொன்றாகச் சுற்றினேன். நல்ல பிள்ளைகள். மிச்சம் இருப்பது டிராக்கை இழுக்கும் டிரைவ் ஷாஃப்ட். சூப்புக் கிளறும் மரக்கரண்டியின் ஒரு முனையை, ஷாஃப்ட்டைத் தாங்கும் இடதுபக்கப் பேரிங் மேலே வைத்து, மறுமுனையைக் காதில் வைத்துக்கொண்டு பியெராவை டிராக்கைச் சுற்றச் சொன்னேன். அடேயப்பா! உள்ளே யாரோ கல்லை மென்றுகொண்டிருந்தார்கள். கடப்பாறைக் கம்பியைக் கீழே கொடுத்து நெம்பினால் ஷாஃப்ட் மேலும் கீழும் ஆடுகிறது. மூடி ஓரத்தில் துருப்பிடித்த தண்ணீர் கசிந்திருக்கிறது. கிரீஸ் என்று ஒன்று அங்கே இருந்ததற்கான அடையாளமே இல்லை.

பேரிங்தான். பேரிங்தான், பேரிங்தான்.

ஏப்ரல் 13, திங்கள்

ஆல்டா டவுன் கடைக்குச் சொல்லியாயிற்று, பேரிங் பஸ்ஸில் வரும். இடது மட்டும் போதாதா என்று பியெரா கேட்டான். வலதுபக்கத்துப் பேரிங் செயின் பெட்டிக்குள் இருக்கிறது. அந்தப் பெட்டியின் எண்ணெயை வடித்துப் பார்த்தபோது மீன் செதில் மாதிரி இரும்புத்தூள் மின்னியது. ஆடுகிற ஷாஃப்ட் இரண்டு பக்கத்தையும் தின்றுவிட்டுத்தான் நிற்கும். இரண்டையும் மாற்றிவிடுவேன். ஒரு வேலைக்கு இரண்டு முறை குனிய என் முதுகு சம்மதிக்காது.

ஏப்ரல் 15, புதன்

செயின், பல்சக்கரம் எல்லாம் கழற்றி வரிசையாக அட்டையில் வைத்தேன். சஸ்பென்ஷன் போல்ட்டுகளை அவிழ்த்து, வண்டியைப் பழைய மான்தோல் மேலே பக்கவாட்டில் சாய்த்து, டிராக்கை உருவினேன். அதுவரை என்னைப்போல் கெட்டிக்காரி உலகத்தில் இல்லை.

பிறகு இடதுபக்கப் பேரிங். ஷாஃப்ட்டோடு துருவால் ஒட்டிக் குடும்பம் நடத்துகிறது. இழுவைக் கருவி போட்டேன், வழுக்கியது. சுத்தியலால் தட்டினேன். சூடு காட்டினேன். கெட்ட வார்த்தை சொன்னேன். ம்ஹூம்.

சாப்பிட்டு வந்து திரும்பவும். வெளி வளையம் உடைந்து குண்டுகள் தரையெல்லாம் ஓடின. உள் வளையம் மட்டும் அசையவில்லை. கண்ணாடி மாட்டிக்கொண்டு, ஷாஃப்ட்டில் படாமல் அதில் ஒரு பள்ளம் அறுத்து, உளியை வைத்து ஒரே போடு. ‘டிங்’ என்று பிளந்தது. இந்த வருடம் கேட்டதில் இதுதான் நல்ல சங்கீதம்.

ஏப்ரல் 16, வியாழன்

பேரிங் வந்தது. ஷாஃப்ட்டை இரவெல்லாம் பனியில் கிடத்தியிருந்தேன், குளிரில் கொஞ்சம் சுருங்கட்டும் என்று. பேரிங்கை ரொட்டியோடு அடுப்பில் மிதமாகச் சூடாக்கினேன். பியெரா அடுப்பைத் திறந்து பார்த்துவிட்டு, “இதுக்கு வெண்ணெய் தடவணுமா?” என்றான். தடித்த கையுறையில் எடுத்துக்கொண்டு ஓடி ஷாஃப்ட்டில் வைத்ததும் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. நேற்று ஒரு நாள் முழுக்க என்னை அழவைத்த அதே இடத்தில்!

பேரிங்கை ஷாஃப்ட்டோடு பிடித்து வைக்கும் பூட்டு வளையத்தை முதலில் தலைகீழான திசையில் திருப்பிவிட்டேன். ஷாஃப்ட் சுழலும் பக்கமாகத்தான் திருப்ப வேண்டும், இல்லையென்றால் ஓட ஓடக் கழன்றுவிடும். நல்லவேளை, திருகை முடுக்குவதற்கு முன்பே கண்ணில் பட்டது. பியெரா பார்க்கவில்லை. எழுதியும் வைக்க வேண்டாம் என்று பார்த்தேன், எழுதிவிட்டேன்.

ஏப்ரல் 17, வெள்ளி

சத்தம் இல்லை!!

ஏரியைச் சுற்றி ஓட்டினேன், மெதுவாக, வேகமாக, மேட்டில், பள்ளத்தில். எஞ்சின் மட்டும்தான் பேசுகிறது. சாம்பலன் நேராக வண்டிக்கே வந்து இருக்கையில் மோவாயை வைத்தான்.

ஏப்ரல் 18, சனி

எழுதவே பிடிக்கவில்லை.

மந்தையை ஒன்றுசேர்க்க மூன்று பேரும் போனோம் — அஸ்லத், மிக்கல், நான். சமவெளியில் இறங்கி வேகம் எடுத்ததும் ‘ஊய்ய்’. நிறுத்தினோம், கிளம்பினோம், திரும்பவும் ‘ஊய்ய்’. மிக்கல் என் பக்கமாகக் கையைக் காதில் வைத்துக் காட்டினான். ஒரு சினைமான் மிரண்டு கூட்டத்தைக் கலைத்தது. அஸ்லத் ஹெல்மெட்டைக் கழற்றினான்.

“ராவ்னா, பேசினது பேசினதுதான்.”

“இல்லண்ணே, நேத்து சுத்தமா நின்னுருச்சு, சத்தியமா —”

“ரொட்டியோட சேர்த்து வேக வச்சாளாம். சரியா வேகலபோல,” என்றான் மிக்கல். பியெரா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தால்தானே!

எங்கே தப்பு பண்ணுனேன்? வளையமா? செயினா? எல்லாத்தையும் ஒழுங்காத்தானே மாட்டுனேன்? சுத்தியல் பிடிச்ச கை இன்னும் காந்துது. சும்மா கிடந்த வண்டியைப் பிரிச்சு, ஊர் சிரிக்க வச்சுக்கிட்டேன். வாலுக்கே போறேன். பானையே கதி.

ஏப்ரல் 19, ஞாயிறு

காலையில் தனியாக ஓட்டினேன். சத்தம் இல்லை. முட்டுக் கொடுத்து, கரண்டி வைத்துக் கேட்டேன். சத்தம் இல்லை. நெம்பினேன், ஆடவில்லை. அப்படியானால் நேற்று ஊளையிட்டது யார்?

நேற்று கூட ஓடியவை இன்னும் இரண்டு வண்டி. அதில் ஓயாமல் தண்ணீரில் குளிப்பது எது என்று நினைவு வந்ததும் முற்றத்தில் தனியாகச் சிரித்தேன்.

மிக்கல் வீட்டுக்குப் போனேன். அவன் தன் புது வண்டியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தான், உயரழுத்தக் குழாயால், சோப்பு நுரையோடு, வாரா வாரம் செய்கிற மாதிரி. அந்த வேகத்தில் அடித்தால் தண்ணீர் பேரிங் மூடிக்குள் புகுந்து கிரீஸைக் கழுவிக் கொண்டுபோய்விடும் என்றேன். ஊளை உன்னுடையது மச்சான் என்றேன்.

“என் வண்டியா? இது வாங்கி ரெண்டு வருஷங்கூட ஆகல. தோத்துட்டா தோத்துட்டேன்னு சொல்லு.”

அஸ்லத்துக்கு ஃபோன் பண்ணினேன். “சாக்குச் சொல்லாத ராவ்னா. மூணு வண்டியில எது கத்தும்னு ஊருக்கே தெரியும்,” என்றான். பழி ஓரிடம் பாவம் ஓரிடம். ஒவ்வொரு வண்டியாக ஓட்டிப் பார் என்றதற்கு, கிளம்புகிற நேரத்தில் விளையாட்டுக்கு நேரமில்லை என்றான். சரி. இனி வாயைத் திறக்க மாட்டேன். காது இருக்கிறவன் கேட்கட்டும்.

ஏப்ரல் 21, செவ்வாய்

கிளம்பினோம். சாம்பலனின் கயிற்றை மிக்கலிடம் கொடுத்தபோது அவன் என்னையே திரும்பித் திரும்பிப் பார்த்தான். மான்தான், மிக்கல் இல்லை. அழுகை வந்தது. முகமூடிக்குள்தானே, யாருக்குத் தெரியும்.

ஏப்ரல் 22, புதன்

இன்று நடந்ததை நான் சாகும்வரை சொல்லுவேன்.

விடிந்ததிலிருந்து மந்தை முன்னேறவே இல்லை. நீண்ட ஏரியில் இறங்குவது, மிரள்வது, கரைக்குத் திரும்புவது. சாம்பலன் கயிற்றை இழுத்துக்கொண்டு காலை ஊன்றி நிற்கிறான். மிக்கல் ஏரிக்கு நடுவே எஞ்சினை முடுக்கி முடுக்கி அவனை இழுத்துப் பார்க்கிறான். வெயில் ஏறினால் பனி இளகிவிடும், மான்கள் வயிறுவரை புதையும், அன்றைய நடை போச்சு. அஸ்லத் களைத்துப்போய் வாலுக்கு வந்தான். அவன் வண்டியை நிறுத்தினான். நான் முன்பே நிறுத்தி, ஃபிளாஸ்க்கைத் திறந்து வைத்திருந்தேன்.

“உன் வண்டிதான் ராவ்னா. இந்தச் சத்தத்துலதான் எல்லாம்...”

ஏரிமேல் காற்றே இல்லை. முன்னாலிருந்து ‘ஊய்ய்’ என்று தெளிவாக வந்தது.

அவன் என் வண்டியைப் பார்த்தான். என் கையைப் பார்த்தான். சாவியைப் பார்த்தான்.

“உன் வண்டி ஆஃப்ல இருக்கு.”

“ஆமாண்ணே. காப்பி வேணுமா?”

குடித்தான். முழுக் கோப்பையும் குடித்தான். பிறகு, “சொன்னியே, நான்தான் கேக்கல,” என்றான். அஸ்லத் வாயிலிருந்து இதைக் கேட்க இன்னும் எத்தனை பேரிங் வேண்டுமானாலும் மாற்றலாம்.

மிக்கலின் வண்டியைத் தூக்கிப் பார்த்தோம். ஷாஃப்ட் ஆடுகிறது. மூடி ஓரத்தில் பழுப்புத் தண்ணீர். நான் கரண்டியை அவன் காதில் வைத்து, டிராக்கைச் சுற்றினேன். முகம் போன போக்கு! குனிந்து மோந்து பார்த்தேன், சோப்பு வாசனைகூட அடித்தது.

“யார்கிட்டயும் சொல்லாத,” என்றான் மெதுவாக.

“நான் எதுக்கு மச்சான் சொல்லணும்? அதுதான் ஊர் முழுக்கச் சொல்லிக்கிட்டு வருதே.”

சிரிக்காமல் இருக்கப் பார்த்தான், முடியவில்லை. மந்தையைப் பனி இறுகும்வரை கரையிலேயே படுக்கப்போட்டோம். அவன் வண்டியைச் சாலை கடக்கும் இடம்வரை கட்டி இழுத்துப் போனோம். பியெரா வந்து டிரெய்லரில் ஏற்றிப் போனான். திரும்பி வந்ததும் பேரிங் மாற்றித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். குழாயைத் தொடக் கூடாது என்பது நிபந்தனை.

ஏப்ரல் 24, வெள்ளி

எனக்கு முன்னால் யாருடைய தடமும் இல்லை. சாம்பலன் மூச்சு விடுவது என் தோளுக்குப் பின்னால் கேட்கிறது. மேட்டில் ஒரு முறை திரும்பிப் பார்த்தேன். எல்லாம் வந்துகொண்டிருந்தன.

கடைசியில் அஸ்லத் இழுக்கும் சறுக்குவண்டியில் பானைகளோடு பானையாக மிக்கல் உட்கார்ந்து வருகிறான். அவன் போடும் காப்பி இவ்வளவு தூரம் வந்து சேர்வதற்குள் ஆறிவிடுகிறது. நாளைக்குச் சொல்ல வேண்டும்.