உங்கள் ஓட்டு யாருக்கு விழுந்தது, நங்கையா?

அன்புள்ள நங்கையா,

உங்கள் தம்பியிடம் சொல்லிவிட்டேன். முப்பது வருடத்துக்கு மேல் வயிற்றுக்குள் வைத்திருந்ததை, போன செவ்வாய்க்கிழமை காலையில் அவர் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது சொல்லிவிட்டேன். அன்றைக்கு அவரைத் தோற்கடித்த அந்த ஒரு ஓட்டு என்னுடையது என்று.

அவர் என்ன சொன்னார் என்று நீங்கள் துடிப்பது எனக்குத் தெரிகிறது. பொறுங்கள், வருகிறேன். இதை அச்சில் படிக்கப் போகிறவர்களுக்கு நீங்கள் யார் என்று தெரிய வேண்டாமா? என் வீட்டுக்காரரின் அக்கா, உள்ளூரிலேயே நாலு வீதி தள்ளி வாழ்க்கைப்பட்டவர், மல்லசமுத்திரத்துப் பக்கத்தில் எந்தக் கட்சிக்காரனும் கணக்குப் போட முடியாத ஓட்டுக்குச் சொந்தக்காரர் என்று சொன்னால் போதுமா? "நல்லம்மா ஓட்டா? அது பொட்டியத் தொறந்தாத்தான் தெரியும்" என்று டீக்கடையில் சிரிப்பார்கள். உங்கள் காதுக்கும் அது வந்தது. நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள்.

நான் கல்யாணமாகி வந்த வருடம் எழுபத்தொன்று. வந்த கொஞ்ச நாளில் தேர்தல். உங்கள் வீட்டுக்காரர், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், கட்சிக்காக உயிரை விடுகிறவர். வீட்டுக் கூரை மேல் மூங்கில் நட்டு அந்தக் கட்சியின் கொடி பறந்தது. அந்தக் கட்சி வேட்பாளரே உங்கள் வாசலுக்கு வந்தார், பின்னால் பத்துப் பேரோடு. நீங்கள் காயப்போட்டிருந்த மிளகாயைச் செருப்புக் காலோடு மிதித்துக்கொண்டு வந்து, கும்பிட்டு, ஓட்டுக் கேட்டார். நீங்களும் கும்பிட்டீர்கள். போய் எதிர்க்கட்சிக்குக் குத்திவிட்டு வந்தீர்கள்.

அதை மறைக்கவாவது செய்தீர்களா? அன்று மதியமே அண்ணனுக்குச் சோறு போட்டுக்கொண்டு சொன்னீர்கள். "எம்பட மொளகாய மிதிச்சுப்போட்டு எங்கிட்டயே ஓட்டுக் கேக்கறானுங்க. நான் மாத்திப் போட்டுட்டனுங்க." அண்ணன் கையில் பிசைந்த சோறு அப்படியே நின்றது. "ஊட்டு மேல கொடி பறக்குதே நல்லம்மா, அதுக்கு என்ன பதில் சொல்றது?" என்றார். "கொடி உங்க கொடிங்க. ஓட்டு எம்பட ஓட்டு" என்று சொல்லி, இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினீர்கள். அன்று உங்கள் வீட்டுக்கு வந்திருந்த புதுப்பெண்ணான நான் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு பொம்பளை இப்படியும் பேசலாமா என்று அசந்துபோனேன். பயமா சந்தோஷமா என்று இன்றுவரை சொல்லத் தெரியவில்லை.

எண்பதில் சில மாத இடைவெளியில் இரண்டு தேர்தல் வந்தது. டெல்லிக்கு ஒரு கட்சி, மெட்ராசுக்கு அதற்கு நேர் எதிர்க் கட்சி என்று போட்டீர்கள். உங்கள் தம்பி தலையில் அடித்துக்கொண்டார். "ஒரே மாட்டையா ரெண்டு வண்டிக்கும் கட்டுவாங்க?" என்று கேட்டீர்கள். டெல்லியில் அந்தப் பெரிய சாவு விழுந்த வருடம் ரேடியோவைக் கட்டிக்கொண்டு அழுதீர்கள். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. தேர்தல் வந்ததும் மாற்றித்தான் போட்டீர்கள். "அளுதது வேற சாமி, ஓட்டு வேற" என்றீர்கள்.

ஊர் உங்களை ஒரு நிலையில் நிற்காதவள் என்றது. எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. சொல்லிவிட்டுப் போட்டவர்கள், சொல்லாமல் போட்டவர்கள், சொன்னதற்கு மாற்றிப் போட்டவர்கள் என்று எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். போட்டுவிட்டு, யாரிடம் சொல்லக் கூடாதோ அவரிடமே போய்ச் சொன்னவர் நீங்கள் ஒருவர்தான். அந்த தைரியத்தில் கால்வாசி எனக்கு இருந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது.

எண்பதுகளின் நடுவில், பல வருடம் கழித்துப் பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. உங்கள் தம்பி தலைவருக்கு நின்றார், ஏணிச் சின்னத்தில். எதிரே டிராக்டர் பட்டறை அர்த்தநாரி, பூட்டுச் சாவியில். வீட்டில் பெரிய மாமனாரிலிருந்து பங்காளிகள் வரை எல்லோரும் ஏணியைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். நானும் வீடு வீடாகப் போய் மஞ்சள் குங்குமம் வைத்துக் கேட்டேன்.

அந்த வருடம் மழை இல்லை. முருங்கைக்காட்டுக் கிணற்றுக்குப் போய்த்தான் தண்ணீர். இடுப்பில் ஒன்று, தலையில் ஒன்று. உங்களுக்குத் தெரியும், பாதி நடை என்னோடு நீங்களும் வந்திருக்கிறீர்கள். தொட்டி கட்டி வீதிக்கு வீதி குழாய் போடுகிறேன் என்றார் அர்த்தநாரி. அதற்குப் பதிலாக, மாரியம்மன் கோயில் முன்னால் கூட்டத்தில் உங்கள் தம்பி சொன்னார், "கொழாய் எதுக்குங்க? தண்ணி தூக்கறதுக்குத்தான் ஊட்டுக்கு ஊடு பொம்பளைங்க இருக்காங்களே." ஆம்பளைகள் எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள். நான் அப்போதுதான் கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு மோர் கரைக்க இரண்டு குடம் கொண்டுவந்து இறக்கியிருந்தேன்.

நல்ல மனுஷன்தான். என்னை ஒரு சொல் கடிந்து பேசாதவர்தான். அந்த ஒரு வார்த்தை ஏன் அப்படிக் குத்தியது? கழுத்து வலியோடு நின்றிருந்ததாலா?

ஓட்டுப் போடும் அன்று பள்ளிக்கூடத்தில் பெண்கள் வரிசையில் நான் முன்னால், நீங்கள் எனக்குப் பின்னால். தட்டி மறைப்புக்குள் போய் நின்றேன். ஏணி மேலே, பூட்டுச் சாவி கீழே. கை மேலே போய்விட்டுக் கீழே இறங்கியது. குத்திவிட்டேன். மை ஏணியில் ஒட்டிச் செல்லாத ஓட்டாகிவிடக் கூடாதே என்று ஊதி ஊதிக் காயவைத்து மடித்தேன். துரோகம் செய்வதிலும் எனக்கு அத்தனை பதவிசு.

வெளியே வந்தபோது நீங்கள் கிண்டலாகக் கேட்டீர்கள், "ஏணியில ஏற இத்தனை நேரமா அம்மிணி?" நான் நிமிர்ந்து பார்த்தேன். உங்கள் சிரிப்பு நின்றுவிட்டது. "போ சாமி. வேப்பமரத்தடியில போய்ச் சித்த உக்காரு" என்றீர்கள். அவ்வளவுதான். வேறு ஒன்றுமே கேட்கவில்லை.

மறுநாள் யூனியன் ஆபீசில் எண்ணினார்கள். ஒரே ஓட்டு. இரண்டு தடவை எண்ணியும் ஒரே ஓட்டு வித்தியாசத்தில் உங்கள் தம்பி தோற்றார்.

மதியம் வாசலில் பங்காளிகள் எல்லோரும் கூடிவிட்டார்கள். வெளியாள் கெடுக்கவில்லை, நம் வீட்டுப் பொம்பளைகளில் ஒருத்திதான் கை மாற்றிவிட்டாள் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். பெரிய மாமனார் ஒரு தட்டில் கற்பூரத்தைக் கொண்டுவந்து வைத்தார். "ஒவ்வொருத்தியா வந்து கற்பூரத்த அடிச்சுச் சத்தியம் பண்ணுங்க, ஏணிக்குத்தான் போட்டேன்னு." தீக்குச்சியை உரசிப் பற்றவைத்தார். பொய்ச் சத்தியம் செய்தால் பிள்ளைகளுக்கு ஆகாது. உண்மையைச் சொன்னால், தோற்று உட்கார்ந்திருக்கிற மனுஷன் முன்னால், பத்துப் பதினைந்து ஆம்பளைகள் முன்னால், நான் என்ன ஆவேன்? என்னைக் கொண்டுபோய்த் தாய்வீட்டில் விட்டிருப்பார்கள். மூத்த மருமகள் என்று முதலில் என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

நான் ஒரு அடி வைத்தேன். அதற்குள் நீங்கள் வந்து, எரிகிற கற்பூரத்தின் மேல் சொம்புத் தண்ணீரைக் கொட்டிவிட்டீர்கள்.

"எம்பட ஓட்டு என்னிக்குங்க பெரீப்பா நேராப் போயிருக்குது? ஊருக்கே தெரியும். அப்பறம் என்னத்துக்கு இந்தப் புள்ளைங்களக் கொண்டாந்து நிறுத்தறீங்க?"

யாருக்கும் அதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை. பதினைந்து வருடமாக நீங்கள் சேர்த்து வைத்திருந்த கெட்ட பெயர் முழுவதையும் ஒரே வீச்சில் விரித்து, என்னை அதற்குள் மறைத்துவிட்டீர்கள். உங்கள் தம்பி எழுந்து வந்தார். "அக்கா, எனக்குமா?" என்று மட்டும் கேட்டார். நீங்கள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கு நடந்துவிட்டீர்கள்.

நான் பேசியிருக்கலாம். நீங்கள் வீதி முனை திரும்பும்வரை நேரம் இருந்தது. பேசவில்லை நங்கையா.

அடுத்த பொங்கலுக்கு உங்களுக்குத் தாய்வீட்டுச் சீர் போகவில்லை. அதற்கடுத்த பொங்கலுக்கும் போகவில்லை. மூன்றாவது பொங்கலன்று நான் சீர்த்தட்டை எடுத்து வைத்தேன். அவர் அதை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். நாலு வீதிக்குள் இருந்துகொண்டு, உங்கள் வாசல் வழியாகப் போகாமல் குளக்கரை சுற்றிப் போனார். நீங்களோ தண்ணீர்க் குழாயடியில் என்னைப் பார்த்தால், "தம்பிக்கு இருமல் வுட்டுதா?" என்றுதான் கேட்பீர்கள். ஆமாம், அர்த்தநாரி குழாய் போட்டுவிட்டார். அதில் தண்ணீர் பிடிக்கும்போதெல்லாம் எனக்குக் கை கூசும்.

அந்த மூன்றாவது பொங்கல் கழிந்த வருடமே அண்ணன் போய்ச் சேர்ந்தார். கோடிச் சேலையோடு உங்கள் தம்பிதான் வர வேண்டும்; வந்தார். உங்கள் தோளில் சேலையைப் போட்டுவிட்டுக் குழந்தை மாதிரி அழுதார். பேச்சு வந்தது, போக்குவரத்து வந்தது, சீரும் வந்தது. ஆனால் அந்த ஓட்டு மட்டும் போகவே இல்லை. ஒவ்வொரு தேர்தலுக்கும், "எல்லாருக்கும் போட்ட அக்கா எனக்குப் போடலையே" என்று ஒரு தடவையாவது சொல்லிவிடுவார்.

கடைசி மாதங்களில் டவுனில், ஃபேர்லேண்ட்ஸில் உங்கள் மகன் வீட்டில் இருந்தீர்களே, அங்கே ஒரு நாள் நாம் இரண்டு பேர் மட்டும் இருக்கையில் உங்கள் காலைப் பிடித்துவிட்டபடி கேட்டேன். "நீங்க அன்னைக்கு ஆருக்குப் போட்டீங்க நங்கையா?" நீங்கள் கண்ணை மூடியபடியே சிரித்தீர்கள். "ஓட்டுன்னா மறைச்சுப் போடறது அம்மிணி. இல்லீன்னா தட்டிய எதுக்கு வெச்சிருக்கறான்?"

ஆயுசு முழுக்க ஊரைக் கூட்டிச் சொன்னவர், அந்த ஒன்றை மட்டும் தட்டிக்குள்ளேயே விட்டுவிட்டு வந்தீர்கள். தம்பிக்குத்தான் போட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உங்கள் தம்பி உங்களிடம் ஓடி வந்திருப்பார். அப்புறம் எல்லோர் கண்ணும் என் பக்கம் திரும்பியிருக்கும். அதற்காகவா? இல்லை, நீங்களும் அந்த இரண்டு குடத்தை நினைத்துக்கொண்டு பூட்டுச் சாவிக்கே போட்டீர்களா? ஒரு ஓட்டு வித்தியாசத்தில் இரண்டுக்கும் இடம் இருக்கிறது. எத்தனை முறை யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை.

உங்கள் கருமாதி முடிந்து வந்த அன்று, சட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டே அவர் சொன்னார், "எல்லாம் சரி. அக்கா அந்த ஒரு ஓட்ட மட்டும் எனக்குப் போட்டிருக்கலாம்." அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. நாலு வாரம் தைரியம் தேடிவிட்டு, போன செவ்வாய்க்கிழமை சொன்னேன்.

காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார். ஏன் என்று கேட்டார். கோயில் முன்னால் அவர் சொன்னதைச் சொன்னேன். "நானா சொன்னேன்?" என்றார். சத்தியமாக அவருக்கு நினைவில்லை நங்கையா. நான் சுமந்ததெல்லாம் அவருக்கு ஒரு நிமிஷச் சிரிப்பு. கோபித்துக்கொள்வார், இரண்டு நாள் சாப்பிட மாட்டார் என்றெல்லாம் நினைத்திருந்தேன். அவர் என் ஓட்டை விட்டுவிட்டார். முகம் சின்னப் பையன் முகம் மாதிரி ஆகிவிட்டது. "அப்படீன்னா அக்கா எனக்குத்தான் போட்டுச்சா?" என்றார்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. "தெரியலீங்க. கேட்டேன், சொல்ல மாட்டேன்னுட்டாங்க" என்றேன். அவர் ஆறிப்போன காப்பியை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார். பிறகு, "ஆருக்குப் போட்டிருந்தா என்ன, சீர நிறுத்துனது என் தப்புதான" என்று எழுந்து, பஸ் ஏறித் திருச்செங்கோடு போனார். பொழுதோடு மூன்று சேலையோடு திரும்பினார். விட்டுப்போன மூன்று பொங்கலுக்கு மூன்று. மூன்றும் உங்களுக்குப் பிடித்த அரக்கு நிறம். வேறு நிறம் எடுக்கவே அவருக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது. இப்போது உங்கள் படத்துக்கு முன்னால் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு இருக்கிறது. பொங்கல் கழிந்ததும் உங்கள் மருமகளுக்குக் கொடுத்துவிடுவோம்.

இப்போது மெஷின்தான் நங்கையா, நீங்களும் அமுக்கியதுதான். மடிக்க வேண்டியதில்லை, ஊத வேண்டியதில்லை, அமுக்கினால் ஒரு சத்தம், அவ்வளவுதான். தட்டி மட்டும் அப்படியே இருக்கிறது. அடுத்த தேர்தலுக்கு நானும் உங்கள் தம்பியும் ஒன்றாகப் போவோம். எனக்குத் தோன்றுகிறவருக்குப் போடுவேன். வீட்டுக்கு வந்து, அவருக்குச் சோறு போட்டுக்கொண்டே, யாருக்குப் போட்டேன் என்று சொல்லுவேன். அவர் கையில் பிசைந்த சோறு நின்றால் இன்னொரு கரண்டி குழம்பும் ஊற்றுவேன்.

உங்கள் ஓட்டை மட்டும் இனி நாங்கள் இருவருமே கேட்க மாட்டோம்.

அன்று உங்கள் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்ட,
உங்கள் தம்பி பெண்டாட்டி
சரசு