நம் ஊர்க் கட்டிலில் பிறந்தவன்

அன்பு மகன் சுங்-யிட்டுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, பன்றிகள் எல்லோரும் சுகம். வான்கூவர் பனியிலும் மர ஆலைத் தூசியிலும் நீ சுகமாக இருக்கக் கருணைத் தெய்வம் குவான்யின் தாயைத் தினமும் நச்சரிக்கிறேன்.

ஆற்று முகத்துவாரத்துத் தர்ம ஆஸ்பத்திரியில் நீயும் உன் கூட்டாளிகளும் பணம் அனுப்பி நம் ஊர் பேரில் போட்ட கட்டிலைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அங்கே ஆறு ஓடுகிற வரிசையிலேயே கட்டில் போட்டிருக்கிறார்கள், வாசலில் மலையடி ஊர், கடைசி ஜன்னலில் கடலோர ஊர், நம்முடையது நடுவில், தலைமாட்டில் ஊர்ப் பலகை. அந்தந்த ஊர்க்காரர்தான் படுக்கலாம். நம் கட்டிலில் ஒருவரும் படுத்ததில்லை, முதலில் படுப்பவன் செத்தால் ஊருக்கே ஆகாது என்று பயம், வெளியே மட்டும் எங்கள் ஊருக்கு நோயே வராது என்று வீறாப்பு. உன் மூன்றாம் சித்தப்பா அவ்வப்போது போய்த் துடைத்துவிட்டு வருவார்.

போன மாதம் அப்பாவின் இருமலுக்கு மருந்து வாங்க நானும் அவரோடு போயிருந்தேன். அப்போது அக்கரைச் சிப்பி ஊர்ப் பெண் லின்-கூனைப் பிரசவம் சிக்கலாகிப் படகில் கொண்டுவந்தார்கள். வெளிநாட்டில் ஆள் இல்லாத ஊர், அவர்களுக்குக் கட்டில் ஏது? மற்றதெல்லாம் நிரம்பி நம்முடையது மட்டும் காலி. சித்தப்பா அதில் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்! "ஆத்து நடுச் சேத்துத் திட்டுக்காக நடந்த சண்டையில எங்கண்ணன் காதைச் செவிடாக்கினவனுங்க, அவனுங்களுக்கு எங்க கட்டிலா? ஊர்க்காரங்களுக்குத்தான், சட்டம்னா சட்டம்" என்றார். நர்ஸ் அசரவில்லை, "பெரியவரே, இறங்குறீங்களா, ஊசி போடட்டுமா?" என்று கேட்டாள். எனக்கும் அந்த ஊர் என்றால் வயிறு எரியும், அந்தக் கரையில் கால் வைக்கமாட்டேன் என்று சபதம் போட்டவள்தானே. ஆனால் அந்தப் பெண் வலியில் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. பக்கத்தில் யாரோ வைத்திருந்த தேநீரை அவள் கையில் திணித்து, என்னிடம் கொடுக்கச் சொல்லி, வாங்கிக் குடித்தேன். "முறைப்படி தேநீர் குடுத்தாச்சு, இவ இனி என் தத்துப் பொண்ணு. கொழுந்தனாரே, உங்க அண்ணன் பொண்ணு எந்த ஊரு? எந்திரிங்க" என்றேன். சித்தப்பா இறங்கியதோடு நிற்காமல் அவளைத் தாங்கிப் படுக்கவும் வைத்தார். திரை கட்டினார்கள். விடியும்போது பையன் பிறந்தான், என்ன அலறல்! தாயும் பிழைத்தாள். நான் ஓவென்று அழுதேன். பையனுக்குச் செல்லப் பெயர் கட்டில். பயம் போயே போய்விட்டது, சித்தப்பாகூட முதுகுவலி என்று போய்ப் படுத்துவிட்டு வந்தார். அப்பாவின் காதில் கத்திச் சொன்னேன், "அந்த அடிக்கு ஒரு பேரனாச்சும் கெடைச்சானே" என்று சிரித்தார்.

குழந்தைக்கு மாதம் நிறைந்தால் தாய் வீட்டுச் சீர் போகவேண்டுமே. சிவப்பு முட்டையும் இஞ்சி ஊறுகாயும் பிள்ளையை முதுகில் கட்டும் துணியும் எடுத்துக்கொண்டு, சபதத்தை மடித்துவைத்துவிட்டு ஆற்றைக் கடந்தேன். அந்தக் கரையிலிருந்து நம் வீட்டை அன்றுதான் முதல்முறையாகப் பார்க்கிறேன். அடுப்படி ஒழுகுவது எங்கே என்று தேடித் தேடி அலுத்தோமே, ஆற்றுப் பக்கக் கூரையில் ஓடு உடைந்திருக்கிறது, அங்கிருந்து பார்த்தால் பளிச்சென்று தெரிகிறது! மருமகன் அன்றே ஏணியோடு வந்து மாற்றிவிட்டார்.

நம் கட்டிலுக்கு நேர் எதிரே ஓர் இடம் காலி, அக்கரை ஊர் பேரில் ஒரு கட்டில் போட அதுதான் பொருத்தம், கூட்டாளிகளிடம் சொல்லிப் பார். கம்பளி போடாமல் ஆலைக்குப் போகாதே. நோய்நொடி இல்லாமல் நூறாண்டு இரு, என் கண்ணே. இனிக் கடிதத்தில் தங்கைக்கும் ஒரு வரி எழுத மறக்காதே.

ஒரு மகனும் ஒரு மகளும் உள்ள
உன் அம்மா