தைப்பிங் பங்கைச் சேர்ந்த மகனுக்கு

யேசு மரி சூசை துணை

வங்காலை,
1928 ஆவணி 23.

தைப்பிங் பங்கைச் சேர்ந்த மகன் வஸ்தியானுக்குத் தகப்பன் எழுதுவது. நாங்கள் சுகம், உன் சுகமறிய ஆவல் என்று தொடங்குவது வழக்கம். நான் சுகமில்லை. வயிறெரிந்துகொண்டு இருக்கிறவன் சுகம் என்று எழுதினால் அது பொய், பொய்யோடு கடிதம் தொடங்க எனக்கு மனமில்லை. உன் அம்மா சுகம், தங்கச்சி மாக்கிறட்டின் பல்வலி நின்றுவிட்டது. சோழகம் பேய்க்காற்றாய் அடிக்கிறது, வள்ளம் இறக்கி ஒன்பது நாளாகிறது, ஆகையால் உன்னைத் திட்ட எனக்கு வேண்டிய நேரம் இருக்கிறது.

உன் கலியாணத்தை நான் யார் வாயால் அறிந்தேன் தெரியுமா? போன ஞாயிறு பூசையில், பங்குச் சுவாமியின் வாயால். மாப்பிள்ளை கடல் கடந்து எந்தச் சீமையில் இருந்தாலும் பிறந்த ஊர்க் கோயிலிலும் மூன்று ஞாயிறு கலியாண ஓலை வாசிப்பார்கள் என்பது உனக்குத் தெரியாததா? தெரியும். தெரிந்துதான் உன் சுவாமியைக் கொண்டு எங்கள் சுவாமிக்கு எழுதுவித்தாய், பெற்றவர்களுக்கு எழுதப் பிந்திவிட்டாய். அவர் கடிதம் முந்தி வந்தது, உன் கடிதம் செவ்வாய்க்கிழமை ஆடி அசைந்து வந்தது. இடையில் அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வெள்ளை வேட்டியோடு முன் வரிசையில் இருக்கிறேன், சுவாமி வாசிக்கிறார்: தைப்பிங் பங்கைச் சேர்ந்த இன்னாசி கொறேராவின் மகன் வஸ்தியான், அதே பங்கைச் சேர்ந்த திரேசா. வேறு யாரோ ஒரு இன்னாசி என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். பிறகு தாயின் பெயரையும் வாசித்தார். பெண்கள் பக்கத்தில் உன் அம்மா முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

இந்தக் கலியாணத்துக்குத் தடை தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும் என்று சுவாமி முடித்தார். நான் எழும்பினேன். இந்தக் கோயிலில் ஓலைக்கு ஒருவன் எழும்பி யாரும் கண்டதில்லை, குழந்தைகள்கூட அழுகையை நிறுத்திவிட்டன. என்ன தடை என்று சுவாமி கேட்டார். எனக்கு வாயில் வேறொன்றும் வரவில்லை. ஓலையிலை பிழை சுவாமி, அவன் தைப்பிங்கான் இல்லை, இந்தக் கோயிலிலை ஞானத் தண்ணி ஊத்தின பிள்ளை என்றேன். சிரித்தார்கள் மகனே. கோயில் முழுவதும் சிரித்தது. கிறகரி மூப்பர் என் சால்வையைப் பிடித்து இழுத்து, இருங்கோ அக்கரையார், மானத்தை வாங்காதேங்கோ என்றார்.

பூசை முடிந்து சுவாமி என்னை அறைக்குக் கூப்பிட்டார். ஒருவன் எங்கே குடியிருக்கிறானோ அந்த ஊர்க் கோயில்தான் அவன் பங்கு, உங்கள் மகன் ஆறு வருஷமாய் அங்கே இருக்கிறார், அதிலே பிழையில்லை என்று விளக்கினார். ஆறு வருஷத்தில் ஒருவன் ஊரான் ஆகிவிடுவான் என்றால், முத்துக்குளிப்புக்குத் தூத்துக்குடியிலிருந்து வந்து, பேதி கண்டு இந்தக் கரையில் கிடந்து, இங்கேயே பெண் எடுத்து முப்பத்தேழு வருஷம் இருக்கிற நான் ஏன் இன்னும் அக்கரையான்? இதைச் சுவாமியிடம் கேட்கவில்லை, உன்னிடம் கேட்கிறேன். வங்காலை எனக்குச் சோறு போட்டது, வள்ளம் தந்தது, உன்னைத் தந்தது. ஆனால் வலைத் தகராறு வந்தால் முதற்சொல் அக்கரையான்தான். நீயோ செவ்வாய்க்கிழமைக் கடிதத்தில், இதுதான் இனி என் ஊர், அங்கே கழுதையும் உப்புக் காற்றும் தவிர என்ன இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். கழுதை இருப்பது மன்னார்ப் பட்டினத்தில், வங்காலையில் இல்லை. அதுவும் மறந்துவிட்டது. இங்கே எங்களைச் சிலோன்காரர் என்று தனியாக வைத்துத்தான் பேசுகிறார்கள் என்று முன்பு அங்கிருந்து நீயே எழுதினாய். நீ வேலை பார்க்கிற கந்தோர் துரை உன்னைக் கதிரையில் இரு என்று சொல்லியிருக்கிறானா? அவர்கள் ஊரை நீ உன் ஊர் என்கிறாய், அவர்கள் உன்னைத் தங்கள் ஆள் என்றார்களா? பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று உன் அம்மா அழுகிறாள். கல்லில் எழுத்தாவது நிற்கும் என்றேன்.

நான் எழும்பிவிட்டபடியால் சுவாமி உங்கள் சுவாமிக்கு எழுத வேண்டுமாம், மறுமொழி போய் வரும்வரை அங்கே தாலி கட்ட முடியாதாம். நேற்றுப் போய், எனக்கு ஆட்சேபம் இல்லை என்று கையெழுத்து வைத்துக் கொடுத்தேன். ஆனாலும் மூன்று நாலு கிழமை பிந்தும். பிந்தட்டும். பெண் வீட்டார் கேட்டால் என் தகப்பன் ஒரு மூர்க்கன் என்று சொல், அது உண்மைதான்.

ஏன் எழும்பினேன் என்று உன் அம்மாவுக்கும் சொல்லவில்லை. என் கலியாணத்துக்கும் தூத்துக்குடியில் மூன்று ஞாயிறு ஓலை வாசித்தார்கள். அங்கே இருந்த என் அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாதே, எழுதி என்ன என்று நான் எழுதவில்லை. அவ அன்றைக்குக் கோயிலில் இருந்தாவா, என் பெயரைக் கேட்டு என்ன செய்தா, எனக்குத் தெரியாது. கேட்க வெட்கப்பட்டு வருஷங்களைக் கடத்தினேன், கேட்கத் துணிந்தபோது அம்மா உயிரோடு இல்லை. ஒரு தடையும் வரவில்லை என்று அங்கிருந்து ஒரு வரி வந்தது, இவன் எங்கள் பிள்ளை என்று எழும்ப ஒருவரும் இல்லை, அவ்வளவுதான். அந்த வரி இன்றுவரை என்னை அறுக்கிறது. உனக்கு அப்படி ஒரு வரி வரக்கூடாது. தடை இல்லை என்று எழும்பும்போதே எனக்குத் தெரியும்.

மழையில் நனைந்த உடுப்போடு கந்தோரில் இராதே. அம்மாவின் பெயருக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, அவள் மாக்கிறட்டைக் கொண்டு வாசிப்பித்துக்கொள்வாள். திரேசாப் பிள்ளைக்கு எங்கள் ஆசீர்வாதம் முழுவதும் உண்டு, அவள் ஒரு குற்றமும் செய்யவில்லை. உனக்கு அம்மாவின் ஆசீர்வாதம் இத்துடன் வருகிறது. என்னுடையதைத் தபாலில் அனுப்ப மாட்டேன், வேண்டுமானால் வந்து முழங்காலில் நின்று வாங்கிக்கொள்.

இப்படிக்கு,
உன் தகப்பன்,
இன்னாசி கொறேரா